24 மணி நேரமும் ஓடும் வீட்டு சர்வர்: ஐடிலில் 15 வாட்டுக்குள் நிற்க எதை வாங்கலாம்?

கயல்_நிரல்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் நிறுத்தாமல் ஓடும் ஒரு சர்வர் அமைக்க வேண்டும். போட்டோ பேக்கப்புக்கு இம்மிச், படம் பார்க்க ஜெல்லிஃபின், வீட்டுக் கருவிகளைக் கட்டுப்படுத்த ஜிக்பீ யுஎஸ்பி டாங்கிளுடன் (வயர்லெஸ் விளக்குகளோடு பேசும் குச்சி) ஹோம் அசிஸ்டன்ட், விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ், இன்னும் நாலைந்து சின்ன கண்டெய்னர்கள் (தனித்தனிப் பொட்டலமாக ஓடும் மென்பொருள்கள்). ஜெல்லிஃபினில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் பார்க்க மாட்டார்கள், ஆனால் 4கே ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) கோப்புகளை டிரான்ஸ்கோட் (பார்க்கும் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவது) செய்ய வேண்டி வரும். 8 டிபி 3.5 அங்குல டிஸ்க் இரண்டு இருக்கின்றன.

டிஸ்க் நீங்கலாக ஐடிலில் (வேலை இல்லாமல் சும்மா ஓடும்போது) 15 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. பார்த்து வைத்திருப்பவை நான்கு: ராஸ்பெர்ரி பை 5, இன்டெல் என்100 போர்டு, ஐ5-8500டி போட்ட பழைய மினி பிசி, சும்மா கிடக்கும் 4ஆம் தலைமுறை ஐ7 டவர் (650 வாட் பவர் சப்ளை, தனி கிராபிக்ஸ் கார்டு).

என்100க்கு டிடிபி 6 வாட், 8500டிக்கு 35 வாட் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் என்100 ஆறில் ஒரு பங்கு மின்சாரம்தான் எடுக்குமா? டிஸ்க்குகளை அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் கெட்டுவிடுமா?

மின்கணக்கு

டிடிபியை வைத்து வாங்காதீர்கள். அது முழுச் சுமையில் தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று கூலர் வடிவமைப்பவருக்குச் சொல்லும் எண். நீங்கள் சொன்ன வேலைகளில் சிபியு நாளின் பெரும்பகுதி ஒன்றும் செய்யாமல்தான் இருக்கும். அந்த நேரத்தில் என்100 போர்டும் 8500டி மினி பிசியும் பிளக்கில் அளந்தால் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும், 6 முதல் 10 வாட் வரை. டி எழுத்து இல்லாத 8500 கூட ஐடிலில் அதே அளவுதான். டி வகை உச்சத்தை மட்டும் கட்டிப்போடுகிறது.

மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆகவே நிற்காமல் ஓடும் ஒவ்வொரு வாட்டும் ஆண்டுக்கு 8.76 யூனிட். டவர் ஐடிலில் 55 வாட், புதியது 10 வாட் என்றால் வித்தியாசம் 45 வாட், ஆண்டுக்கு சுமார் 394 யூனிட். அதை உங்கள் யூனிட் விலையால் பெருக்கி, புதுப் பெட்டியின் விலையை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை ஆண்டில் போட்ட காசு திரும்பும் என்று தெரியும். இதைச் செய்யாமல் 7 வாட் போர்டை விட்டு 5 வாட் போர்டைத் தேடி இரு மடங்கு விலை கொடுப்பவர்கள் உண்டு. அந்த 2 வாட் ஆண்டுக்கு 17.5 யூனிட், அவ்வளவுதான்.

இனி நான்கையும் பார்ப்போம்.

டவர் வேண்டாம். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினாலே 10 முதல் 20 வாட் இறங்கும், ஆனால் அதன் பிறகு டிரான்ஸ்கோடுக்கு ஆள் இல்லை. 4ஆம் தலைமுறை இன்டெலின் குவிக் சிங்க் (சிப்பிலேயே உள்ள வீடியோ பகுதி) ஹெச்இவிசியை ஹார்டுவேரில் டிகோட் செய்யாது. 10 பிட் ஹெச்இவிசி வேண்டும் என்றால் 7ஆம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது. சிபியுவே 4கேயை டிகோட் செய்து மறுபடி என்கோட் செய்தால் விசிறி கத்தும், படமும் திக்கும்.

பை 5 ஐடிலில் 3 வாட் அளவுதான். டிஎன்எஸ், ஹோம் அசிஸ்டன்ட் இரண்டுக்கும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அதில் ஹார்டுவேர் வீடியோ என்கோடரே கிடையாது, ஹெச்இவிசி டிகோடர் மட்டும் உண்டு. ஆகவே டிரான்ஸ்கோட் என்ற சொல் வந்ததுமே பை போட்டியில் இல்லை.

8500டி மினி பிசி: ஆறு கோர், இரட்டைச் சேனல் ரேம், 10 பிட் ஹெச்இவிசி டிகோடும் என்கோடும் உண்டு, ஏவி1 (ஹெச்இவிசிக்குப் பின் வந்த வீடியோ வடிவம்) டிகோட் இல்லை. நல்ல இயந்திரம்தான். ஆனால் 3.5 அங்குல டிஸ்க்குக்கு உள்ளே இடம் கிடையாது. இரண்டு டிஸ்க் வைத்திருப்பவருக்கு இது பெரிய இடையூறு.

என்100: நான்கு கோர், ஒற்றைச் சேனல் ரேம், அதிகாரபூர்வ உச்சம் 16 ஜிபி. பல போர்டுகளில் 32 ஜிபி வேலை செய்கிறது, இன்டெல் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. ஏவி1 டிகோட் உண்டு, ஏவி1 என்கோட் இல்லை. மொத்தம் 9 பிசிஐஇ 3.0 லேன்தான் (கார்டுகளை இணைக்கும் தடங்கள்), பின்னால் நெட்வொர்க் கார்டு, கூடுதல் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) என்று ஏற்றிக்கொண்டே போக முடியாது. உங்கள் பட்டியலுக்கு இதுவே பொருந்துகிறது.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அலுவலகங்கள் கழித்துப்போடும் எஸ்எஃப்எஃப் வகைக் குட்டி டெஸ்க்டாப், 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல். 3.5 அங்குல டிஸ்க்குக்கு இடம் இருக்கும் (ஒன்றா இரண்டா என்பது மாடலுக்கு மாடல் மாறும், படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்). கூடவே வரும் 200 வாட் வகை பவர் சப்ளை குறைந்த சுமையில் நன்றாக ஓடும். டிஸ்க்குக்கான மின்சாரம் பல மாடல்களில் மதர்போர்டிலிருந்து தனி வயரில் வருகிறது. அந்த வயர் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், பிறகு தனியாகத் தேடுவது சிரமம்.

வட்டுச்சுழல்

மின்கணக்கு சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இந்தக் கேள்வியில் பெரிய வாட் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் டிஸ்க்கில்தான். 3.5 அங்குல டிஸ்க் எதையும் படிக்காமல் சும்மா சுழன்றாலே 4 முதல் 6 வாட். இரண்டும் சேர்ந்தால் 10 வாட், அதாவது முழு போர்டுக்குச் சமம். சுழற்சி நின்றால் ஒன்றுக்கு 1 வாட்டுக்கும் கீழே. எந்த போர்டை வாங்கினாலும் இதைச் சரிசெய்யாவிட்டால் பாதிச் சேமிப்பு போய்விடும்.

நிறுத்தினால் கெடுமா? ஒரு நாளைக்கு நாலைந்து முறை நின்று எழுவதால் ஒன்றும் ஆகாது. ஆபத்து வேறு இடத்தில். டிஸ்க்கின் ஏபிஎம் அமைப்பு (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விதி) கடுமையாக இருந்தால் ஹெட் மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை ஒதுங்கித் திரும்பும். அது ஒரு நாளில் 1,440 முறை. 3 லட்சம் முறைக்கு உறுதி தரப்பட்ட டிஸ்க் 208 நாளில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஸ்மார்ட் அட்டவணையில் (டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிவு செய்யும் இடம்) 193ஆம் எண் லோட் சைக்கிள் கவுண்ட், அதாவது ஹெட் ஒதுங்கிய எண்ணிக்கை. புது டிஸ்க்கை மாட்டிய முதல் வாரம் தினமும் அதைப் பாருங்கள். நாளுக்குப் பத்திருபது ஏறினால் கவலை இல்லை. நூற்றுக்கணக்கில் ஏறினால் ஹெச்டிபார்ம் என்ற லினக்ஸ் கட்டளையில் பெரிய பி விருப்பத்துக்கு 254 கொடுத்து ஏபிஎம்மைத் தளர்த்துங்கள்.

நிறுத்தும் நேரத்துக்குப் பெரிய எஸ் விருப்பம். 1 முதல் 240 வரை கொடுக்கும் எண் ஐந்து விநாடியின் மடங்கு, 241 முதல் 251 வரை அரை மணியின் மடங்கு. 241 என்றால் 30 நிமிடம். 10 நிமிடத்துக்குக் கீழே வைக்காதீர்கள். எழும்போது டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவு இழுக்கும், கோப்பு திறக்கப் பத்து விநாடி போலக் காத்திருக்கவும் வேண்டும்.

எண்ணை அமைத்தும் டிஸ்க் தூங்கவில்லை என்றால் யாரோ எழுப்புகிறார்கள். வழக்கமாக மாட்டுபவர்கள் இவர்கள்தான்: கண்டெய்னர்களின் டேட்டாபேஸ், சிஸ்டம் பதிவுகள், இம்மிச்சின் சிறுபடங்கள், ஜெல்லிஃபினின் மெட்டாடேட்டாவும் அட்டவணை போட்ட நூலக ஸ்கேனும், ஸ்மார்ட் எண்களை அவ்வப்போது படிக்கும் ஸ்மார்ட்டி சேவை. முதல் நான்கையும் என்விஎம்இயில் வையுங்கள், பெரிய டிஸ்க்கில் அசல் போட்டோவும் வீடியோவும் மட்டும் இருக்கட்டும். நூலக ஸ்கேனை இரவில் ஒருமுறை என்று குறையுங்கள். ஸ்மார்ட்டிக்குச் சின்ன என் விருப்பத்தில் ஸ்டாண்ட்பை என்று கொடுத்தால் தூங்கும் டிஸ்க்கை அது தொடாது. மவுன்ட் செய்யும்போது நோஏடைம் போடுங்கள், கோப்பைப் படித்த நேரத்தை டிஸ்க்கில் எழுதாது.

இரண்டே டிஸ்க் என்பதால் ஒரு கருத்து. ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் எப்போதும் ஒரே தரவு) போட்டால் ஒரு படத்தைத் திறந்தாலும் இரண்டும் எழும். அதற்குப் பதில் ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதை இரவில் ஒருமுறை எழுப்பி ஸ்னாப்ஷாட்டுடன் (அன்றைய நிலையின் பதிவு) நகல் எடுத்துவிட்டுத் தூங்கவிடுங்கள். அது நாளில் 23 மணி நேரம் தூங்கும். தவறுதலாக அழித்த கோப்பும் நேற்றைய ஸ்னாப்ஷாட்டில் கிடைக்கும். ரெய்டு 1 அதைத் தராது. இழப்பு என்னவென்றால், முதன்மை டிஸ்க் பகலில் செத்தால் அன்றைய புதுப் போட்டோக்கள் போகும். போனிலிருந்து அழிக்காதவரை அவை மறுபடி ஏறிவிடும்.

யுஎஸ்பி பெட்டியில் டிஸ்க்கைப் போட்டு மினி பிசியோடு இணைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பல பிரிட்ஜ் சிப்கள் (யுஎஸ்பிக்கும் டிஸ்க்குக்கும் இடையில் இருப்பவை) ஸ்மார்ட் தகவலையும் ஸ்டாண்ட்பை கட்டளையையும் சரியாகக் கடத்துவதில்லை, தன் சொந்தக் கணக்கில் டிஸ்க்கைத் தூங்க வைக்கும். யுஏஎஸ் (யுஎஸ்பி டிஸ்க்குகளின் வேகமான பேச்சுமுறை) கோளாறு வந்தால் எழுதும் நடுவில் டிஸ்க் காணாமல் போகும்.

கயல்_நிரல்

மிக்க நன்றி இருவருக்கும். என்100 பக்கம்தான் வருகிறேன். நான்கு, ஆறு சாட்டா போர்ட் (டிஸ்க் இணைக்கும் இடம்) உள்ள என்100 போர்டுகளைப் பார்த்தேன். பிறகு டிஸ்க் சேர்க்க வசதி என்று அதையே வாங்கிவிடலாமா? டவரிலிருந்து அந்த 650 வாட் பவர் சப்ளையை எடுத்துப் பயன்படுத்தலாமா? அதில் கோல்டு என்று போட்டிருக்கிறது.

மௌன_பெட்டி

இரண்டுக்குமே யோசிக்க வேண்டும்.

முதலில் பவர் சப்ளை. 80 பிளஸ் கோல்டு முத்திரைக்கு (பவர் சப்ளையின் திறனுக்கான சான்று) 20, 50, 100 சதவீதச் சுமையில்தான் அளக்கிறார்கள். 10 சதவீதத்தில் அளப்பது டைட்டானியம் போன்ற மிக உயர்ந்த தரங்களுக்கு மட்டும். 650 வாட்டில் 20 சதவீதம் என்பது 130 வாட். உங்கள் சர்வர் 15 வாட், அதாவது 2.3 சதவீதம். அந்த இடத்தில் கோல்டு முத்திரை எதையும் சொல்வதில்லை. அங்கே 65 சதவீதத் திறனில் ஓடினால் 15 வாட்டுக்கு சுவரிலிருந்து 23 வாட் போகும். 85 சதவீதம் தரும் நல்ல அடாப்டர் என்றால் 17.6. இந்த 5.4 வாட்டுக்கு ஆண்டுக்கு 47 யூனிட். சிபியு மாற்றிக் கிடைக்கும் லாபத்தை விட இது அதிகம்.

அடுத்து சாட்டா. என்100 சிப்பிலேயே இரண்டு சாட்டா போர்ட் உண்டு. அதற்கு மேல் இருப்பவை கூடுதல் கன்ட்ரோலர் சிப்பிலிருந்து வருபவை. ஆறு போர்ட் போர்டு என்றால் அது என்ன சிப் என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஜேஎம்பி585 என்றால் ஏஎஸ்பிஎம் (வேலை இல்லாதபோது பிசிஐஇ இணைப்பைத் தூங்க வைப்பது) ஒழுங்காக வேலை செய்யாது, அதனால் சிபியு ஆழமான தூக்கத்துக்குப் போகாது. ஏஎஸ்எம்1166 என்றால் நல்லது, சில கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பழைய சர்வர்களிலிருந்து வரும் எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற ஹெச்பிஏ கார்டை (பல டிஸ்க் இணைக்கும் கார்டு) ‘மலிவாகக் கிடைக்கிறது’ என்று யாராவது சொன்னால், அது ஒன்றே 8 வாட்டுக்குக் குறையாமல் தின்னும், கூடவே சிபியுவையும் தூங்க விடாது.

உங்களுக்கு இரண்டு டிஸ்க்தான். ஏஎஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் போன்ற போர்டு பாருங்கள்: இரண்டு சாட்டா, ஒரு எம்.2, ஒரு டிடிஆர்4 ரேம் இடம், 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் நேரடியாக ஓடும். டிஸ்க்குக்கு மின்சாரமும் போர்டிலிருந்தே வரும். தனி பவர் சப்ளையே வேண்டாம். அடாப்டரை 65 வாட்டில் முடிக்காதீர்கள், 90 வாட் எடுங்கள். பவர் போடும் கணத்தில் இரண்டு டிஸ்க்கும் 12 வோல்ட்டில் சேர்ந்து 48 வாட் இழுக்கும். அதே நொடியில் போர்டும் பூட் ஆகும். அடாப்டர் திணறினால் பத்து முறை நன்றாக எழுந்து பதினோராவது முறை ஒரு டிஸ்க் தெரியாமல் போகும். டிஸ்க்தான் கெட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

வருங்காலத்தில் டிஸ்க் சேர்ப்பதற்காக இன்றே ஆறு போர்ட் வாங்குவதை விட, இரண்டு 8 டிபியை எடுத்துவிட்டு இரண்டு 16 டிபி போடுவது மின்சாரத்தில் லாபம். டிஸ்க்கின் வாட் கொள்ளளவைப் பொறுத்து ஏறுவதில்லை. எண்ணிக்கையைப் பொறுத்தே ஏறும்.

சீ_நிலை

போர்டு வந்த பிறகு செய்ய வேண்டியதை எழுதுகிறேன். நல்ல ஹார்டுவேர் வாங்கியும் ஐடிலில் 18 வாட்டில் நின்றுவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

சிபியு கோர்கள் தனித்தனியாகத் தூங்குவது எளிது. முழு பேக்கேஜும் (மொத்தச் சிப்பும்) தூங்கினால்தான் மெமரி கன்ட்ரோலர், உள் இணைப்புகள் எல்லாம் அணையும். ஒரே ஒரு பிசிஐஇ சாதனம் தன் இணைப்பை விழித்தே வைத்திருந்தால் பேக்கேஜ் சி2 அல்லது சி3யில் நின்றுவிடும் (எண் ஏற ஏறத் தூக்கம் ஆழம்). பவர்டாப் என்ற லினக்ஸ் கருவியைத் திறந்து ஐடில் பக்கத்தில் பேக்கேஜ் நெடுவரிசையைப் பாருங்கள். சி6க்கும் அதற்கு ஆழமாகவும் பெரும்பங்கு நேரம் காட்டினால் வேலை முடிந்தது. சி3யோடு நின்றால் குற்றவாளியைத் தேட வேண்டும்.

பயாஸில் தொடங்குங்கள். சி-ஸ்டேட் இயக்கு, பேக்கேஜ் சி-ஸ்டேட் எல்லையை ஆட்டோ அல்லது இருப்பதிலேயே ஆழமானதற்கு வை, பிசிஐஇ ஏஎஸ்பிஎம் எல்லா இடத்திலும் எல்1 (இணைப்பின் தூக்க நிலை) இயக்கு, பயன்படுத்தாத ஆடியோ, சீரியல் போர்ட், வைஃபை அணை. பல போர்டுகளில் ஏஎஸ்பிஎம் அணைந்த நிலையிலேயே வருகிறது. பிஎல்1, பிஎல்2 (சிபியு எடுக்கும் உச்ச வாட்) எல்லைகளைக் குறைப்பதால் ஐடிலில் ஒரு பயனும் இல்லை. வேலை முடிய நேரம் கூடும், அவ்வளவுதான்.

பிறகு லினக்ஸில் ரூட்டாக எல்எஸ்பிசிஐயை இரட்டை வி விருப்பத்தோடு ஓட்டி, ஒவ்வொரு சாதனத்தின் லிங்க் கன்ட்ரோல் வரியையும் பாருங்கள். ஏஎஸ்பிஎம் டிஸேபிள்ட் என்று எது காட்டுகிறதோ அதுதான் ஆள். பெரும்பாலும் ரியல்டெக் நெட்வொர்க் சிப். கர்னலின் ஆர்8169 டிரைவர் பாதுகாப்புக்காக சில சிப்களில் எல்1ஐ அணைத்து வைக்கிறது. சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகள் கோப்புகளாகத் தெரியும் இடம்) அந்தச் சாதனத்தின் லிங்க் அடைவில் எல்1_ஏஎஸ்பிஎம் என்ற கோப்பில் 1 எழுதினால் இயங்கும். எழுதிய பிறகு ஒரு நாள் முழுக்கப் பெரிய கோப்புகளை அனுப்பிப் பார்த்து இணைப்பு அறுபடவில்லை என்று உறுதி செய்யுங்கள். கர்னல் அளவுருவில் ஏஎஸ்பிஎம் ஃபோர்ஸ் போடும் வழியும் உண்டு. அது எல்லாச் சாதனங்கள் மீதும் திணிக்கும், சில என்விஎம்இகள் அதில் உறைந்துபோகும். தரவு இருக்கும் இயந்திரத்தில் அதைச் செய்ய வேண்டாம்.

சாட்டா இணைப்புக் கொள்கையை மெட்-பவர்-வித்-டிப்பம் என்று வையுங்கள். அதற்கும் கீழே மின்-பவர் இருக்கிறது, சில டிஸ்க்குகளோடு தரவுச் சிதைவு வரை போகும் என்பதால் தொடாதீர்கள்.

பவர்டாப்பின் ஆட்டோ-டியூன் மீதியைச் செய்துவிடும், ரீபூட்டில் போய்விடுவதால் சிஸ்டம்டி சேவையாக வையுங்கள். உங்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது: அது எல்லா யுஎஸ்பி சாதனங்களுக்கும் தானியங்கித் தூக்கத்தை இயக்கும். ஜிக்பீ டாங்கிளும் தூங்கிவிடும், ஹோம் அசிஸ்டன்டில் விளக்குகள் திடீரென்று பதில் சொல்லாது. அதே சேவையில், ஆட்டோ-டியூனுக்கு அடுத்த வரியாக, அந்த டாங்கிளின் பவர் கன்ட்ரோல் கோப்பில் மட்டும் ‘ஆன்’ என்று எழுதுங்கள்.

அளக்கும்போது மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றி, பூட் ஆகிப் பத்து நிமிடம் விட்டு அளவிடுங்கள். பிளக் மீட்டர்கள் பல 5 வாட்டுக்குக் கீழே நம்பகமில்லை. நொடிக்கு நொடி மாறும் வாட்டைப் பார்ப்பதை விட 24 மணி நேர யூனிட்டை எடுத்து, 1000ஆல் பெருக்கி 24ஆல் வகுப்பது மேல். பவர்டாப்போ சிபியுவின் உள் அளவியான ஆர்ஏபிஎல்லோ காட்டும் வாட் சிபியு பேக்கேஜுக்கு மட்டும்தான், அடாப்டர் இழப்பும் டிஸ்க்கும் அதில் வராது.

வட்டுச்சுழல்

சீ_நிலை சொன்னதோடு ஒன்று. நெட்வொர்க்கை 10 கிகாபிட் ஆக்கும் எண்ணம் பின்னால் வந்தால் செப்புக் கம்பி எஸ்எஃப்பி+ மாட்யூல் வாங்காதீர்கள், ஒவ்வொன்றும் 2 வாட்டுக்கு மேல் சூடாகவே போகும். பக்கத்திலேயே சுவிட்ச் இருந்தால் டிஏசி கேபிள் (இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் குட்டைக் கேபிள்) போதும். இரண்டு டிஸ்க்குக்கு 2.5 கிகாபிட்டே தாராளம்; ஒரு டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தாலும் விநாடிக்கு 200 எம்பி சொச்சம்தான் தரும், 2.5 கிகாபிட் அதை விடக் கொஞ்சம் அதிகமாகவே தாங்கும்.

கயல்_நிரல்

கடைசியாக ஒன்று. தரவு கெடாமல் இருக்க ஈசிசி (பிழையைத் தானே திருத்தும்) ரேம் வேண்டும் என்கிறார்கள். அதற்காக ரைசன் பக்கம் போக வேண்டுமா?

மின்கணக்கு

ஈசிசி நல்லதுதான், ஆனால் விலை வாட்டில் வரும். 3600, 5600 போன்ற சிப்லெட் (பல சில்லுகளால் ஆன) ரைசன்களில் தனி ஐஓ டை (வெளி இணைப்புகளைக் கவனிக்கும் சில்லு) எப்போதும் விழித்திருப்பதால் ஐடில் 20 வாட்டைத் தாண்டுவது சாதாரணம். ஒற்றைச் சில்லான ஜி வகைகள் குறைவு, ஆனால் ஏஎம்4இல் ஈசிசி கிடைப்பது ப்ரோ என்று குறித்த ஜி வகைகளில் மட்டும், 5650ஜி போல, 5600ஜியில் இல்லை. இன்டெலில் 12ஆம் தலைமுறைக்கு டபிள்யூ680 சிப்செட் போர்டு வேண்டும். பழையதில் ஐ3-9100 ஈசிசி ஏற்கும், சி246 போர்டில் போட்டால் ஐடிலும் அடக்கமாக இருக்கும்.

உங்கள் அமைப்பில் அசல் போட்டோக்கள் போனிலும் இருக்கின்றன, இரண்டாவது டிஸ்க்கில் தினசரி நகல் இருக்கிறது. அந்தப் பணத்தை வீட்டுக்கு வெளியே வைக்கும் மூன்றாவது நகலுக்குச் செலவிடுங்கள். புது ரேமை மாட்டியதும் மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிட் அழுகலைக் (தரவு சத்தமின்றிச் சிதைவது) கண்டுபிடிக்க பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை போட்டு மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (முழுத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டுங்கள், இரவு நகல் எடுக்கும் நேரத்தோடு சேர்த்து வைத்தால் டிஸ்க் அதற்கென்று தனியாக எழ வேண்டியதில்லை.